டிரம்ஸ் என்றுதான் நினைத்தாள்

நேற்று அரங்க வாசலில் டிக்கெட் பார்த்து மணிக்கட்டில் குத்திவிட்ட மண்டையோட்டு முத்திரையைப் பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள் அவள். தோல்தான் சிவந்ததே தவிர மை போகவில்லை. கூடத்தில் அப்பாவைக் கிடத்தியாகிவிட்டது. அத்தையின் குரல் சமையலறைவரை வந்தது.

"என் அண்ணன் குடுத்து வெச்சவரு. பெத்த புள்ள கையப் புடிச்சிட்டிருக்கும்போதே போயிட்டாரு. இன்னொண்ணு எங்கயோ கச்சேரி பாக்கப் போயிருந்துச்சாம்!"

கச்சேரியா! அத்தை அதை ஒரு தடவை கேட்டிருக்க வேண்டும். பாடகர் தொண்டை கிழியக் கத்துவார், கிட்டார்கள் ரம்பம்போல அறுக்கும், டிரம்ஸ்காரர் இரண்டு காலாலும் நம் நெஞ்சுக்குள் இடிப்பார். எக்ஸ்ட்ரீம் மெட்டல். பள்ளி ஆய்வகத்தில் குடுவை கழுவிக் கழுவியே நாற்பதை எட்டிவிட்ட அவளுக்கு, தனக்கென்று இருந்தது அந்த இரைச்சல் ஒன்றுதான். வீட்டில் அதற்குப் பெயர் பேய்க்கூச்சல்.

அவளுக்கு ரொம்பப் பிடித்த குழு நகரத்துக்கு வருகிறது என்று தெரிந்து நான்கு மாதம் முன்பே டிக்கெட் எடுத்திருந்தாள். பிறகு அப்பாவுக்கு நுரையீரல் கெட்டது. உள்ளூர் டாக்டர் அதே நகரத்து மருத்துவமனைக்கு எழுதிக் கொடுத்தபோது ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, சந்தோஷப்பட்டுத் தொலைத்தாள். இப்போது அதை நினைத்தால் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

மூன்று வாரம் பிளாஸ்டிக் நாற்காலியில் தூங்கினாள். சளித்துணி கசக்கினாள், மூத்திரப் பை மாற்றினாள். தம்பி தினமும் போனில், "ஆபீஸ்ல தலைக்கு மேல வேலைக்கா" என்றான். நேற்றுதான் ஒருவழியாக விருந்தாளி மாதிரி வந்து சேர்ந்தான்.

"போயிட்டு வாடி," என்றார் அப்பா, ஆக்ஸிஜன் மாஸ்க்கை விலக்கி. "நான் எங்க ஓடிடப் போறேன்? வந்து அந்தப் பேய்க்கூச்சலக் கொஞ்சம் கத்திக் காட்டு."

"மூணே மணி நேரம்டா. எந்திரிச்சு எங்கயும் போயிடாத," என்று தம்பியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

சத்தத்தில் போன் மணி கேட்காது என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அதிர்வில் போட்டு, இடுப்போடு இறுக்கிக் கட்டிய பையில் வைத்திருந்தாள். அது அதிரத்தான் செய்தது. ஆனால் தரை அதிர்ந்தது, இரும்புத் தடுப்பு அதிர்ந்தது, வாயில் பல் அதிர்ந்தது. டிரம்ஸ் என்றுதான் நினைத்தாள். கையை உயர்த்திக்கொண்டு கூடச் சேர்ந்து கத்தினாள். வெளியே வந்து பார்த்தால் ஒன்பது அழைப்புகள். ஒன்பதும் வார்டிலிருந்து. தம்பியிடமிருந்து ஒன்றுகூட இல்லை.

"உங்க தம்பிக்கும்தாங்க போட்டுப் போட்டுப் பாத்தோம்," என்றாள் நர்ஸ். "நீங்க போன கொஞ்ச நேரத்துலயே அவரும் யாரோ ஃபிரண்டப் பாக்கணும்னு கெளம்பிட்டாரு. அப்பா கடைசிவரைக்கும் கதவையே பாத்துட்டு இருந்தாரு."

ஊருக்கு வரும் வழியெல்லாம் ஆம்புலன்ஸில் அவன் வாய் திறக்கவில்லை. அவளும் கேட்கவில்லை. வாசலில் இறங்கி அம்மாவைப் பார்த்ததும்தான், "என் கையிலதாம்மா போனாரு" என்று கதறினான். பாவி, எவ்வளவு நன்றாக அழுகிறான்!

சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டு கூடத்துக்குப் போனாள். காலையிலிருந்து சொட்டுக் கண்ணீர் விடாமல் உட்கார்ந்திருந்த அம்மா அப்போதுதான் பேசினாள்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாராடா?"

தம்பி அக்காவை நிமிர்ந்து பார்த்தான். ஒரே வாக்கியம் போதும், அவன் மானம் சபையிலேயே கப்பலேறிவிடும். அது அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"சொன்னாரும்மா," என்றான் அவன். "அம்மாவத் தனியா விட்டுடாதன்னு சொன்னாரு."

அம்மா உடைந்தாள். அவன் கையை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். அத்தனை பேரும் அழுதார்கள். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"அக்காவப் பத்தி?" என்றாள் அம்மா.

"அக்காவையும்... பாத்துக்கச் சொன்னாரு."

அம்மா அவள் பக்கம் திரும்பினாள். "கேட்டியாடி? நீ விட்டுட்டுப் போயிட்டாலும் அந்த மனுஷன் உன்ன நெனச்சிருக்காரு பாரு."

அவள் சட்டைக் கையை மறுபடி இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"தம்பிக்குத் தொண்ட கட்டிப் போச்சு பாரு. தண்ணி கொண்டாந்து குடு," என்றாள் அம்மா.

கொண்டுவந்து கொடுத்தாள். அவன் இரண்டு கையாலும் வாங்கி, குனிந்த தலை நிமிராமல் மடமடவென்று குடித்து முடித்தான். காலி டம்ளரை வாங்கக் கை நீட்டியபடி அவள் கேட்டாள்.

"இன்னும் வேணுமாடா?"