வெந்நீர்ப் பக்கம்

ஷவரின் தலையைக் கழற்றி, ஒவ்வொரு துளையாக ஊக்கால் குத்திக்கொண்டிருந்தார் செங்கல்வராயன். உப்பு வெள்ளைப் பொடியாக உதிர்ந்து வேட்டியில் விழுந்தது. பாரிவாக்கத்து போர்வெல் தண்ணீர் அப்படி. எதில் நின்றாலும் உப்பைப் படியவிட்டுத்தான் போகும்.

மறுபடி மாட்டிக் கைப்பிடியைத் திருப்பினார். பச்சைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பினால் முகத்தில் அடித்தது. வெந்நீர்ப் பக்கம் திருப்பினால் நூல் மாதிரி ஒழுகியது.

கூடத்துக் கட்டிலில் ஜெகதாம்பாள் கிடந்தாள். நாற்பத்திரண்டு வருஷம் அவரோடு குடித்தனம் செய்தவள். டாக்டர் கையை விரித்துவிட்டார். கேட்டதைச் செய்து கொடுங்கள் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. தலைக்குக் குளிக்க வேண்டும். பன்னிரண்டு நாளாக ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. சொம்பில் மொண்டு ஊற்றினால் அவளுக்கு மூச்சு முட்டியது. பச்சைத் தண்ணீர் பட்டால் உடம்பு தூக்கிப் போட்டது. நாற்காலியில் உட்காரவைத்து, ஷவரில் வெதுவெதுப்பாக விட்டால் தாங்குவாள். அந்த வெதுவெதுப்புதான் வரவில்லை.

கீசரும் ஷவரும் மகன் ஜெயராமன் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வைத்தவை. வேலை செய்தவன் பூந்தமல்லி ஜேம்ஸ். அவன் வேலை செய்த இரண்டு நாளும் செங்கல்வராயன் பாத்ரூம் வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது பையைத் திறந்து காட்டச் சொன்னார். ஆவடி தொழிற்சாலை கேட்டில் முப்பது வருஷம் தன் பையைத் திறந்து காட்டியவர் அவர். அதில் தப்பு ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை. இந்த ஒரு மாதமாக, வெந்நீர் சரியாக வராதது தெரிந்ததிலிருந்து, ஜேம்ஸ் டூப்ளிகேட் சாமான் வைத்து ஏமாற்றிவிட்டான் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

மருமகள் நாகவல்லி அவரைக் கேட்காமலே ஜேம்ஸுக்கு ஆள் அனுப்பிவிட்டாள். வந்து நின்றவனை அவர் வா என்று சொல்லவில்லை.

"இன்னா நைனா, ஷவர் மொறைக்குதா?" என்றான் ஜேம்ஸ்.

"நீ வெச்ச லட்சணம் அப்டி. டூப்ளிகேட்டு."

"சாமான் டூப்ளிகேட்டா, ஆளு டூப்ளிகேட்டான்னு பாத்துடலாம், வுடு."

முக்காலியை இழுத்துப் போட்டு அவர் வாசலில் உட்கார்ந்துகொண்டார். ஜேம்ஸ் முதலில் பக்கெட் குழாயைத் திறந்தான். முழுசாக வந்தது. அப்படியானால் மாடி டேங்கில் குறையில்லை. பச்சைத் தண்ணீர் ஷவரில் அடிப்பதால் ஷவர் தலையிலும் குறையில்லை. ஸ்பேனரைப் போட்டு, வெந்நீர் வந்து சேருகிற இடத்தின் நட்டைக் கழற்றினான். உள்ளேயிருந்து சின்ன சல்லடை ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். அடைப்பு இல்லை. கழற்றிய குழாயிலிருந்தே தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. குறை அதற்கு முன்னால் எங்கோ இருந்தது.

அவன் கை சுவரோரமாக மேலே போய், கீசருக்கு அடியில் இருந்த வால்வைத் தொட்டது. தொட்டதும் நின்றது.

செங்கல்வராயனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. போன பொங்கலுக்கு ஜெகதாம்பாளின் தோளில் வெந்நீர் பட்டுக் கொப்புளம் போட்டது. அன்றைக்கு மத்தியானமே இதே முக்காலியில் ஏறி அந்த வால்வைத் திருகி, கொஞ்சமாக வரும்படி வைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மகன் திறந்துவிடுவான். அப்புறம் வெயில் காலம் வந்தது. வெந்நீரை யாரும் தேடவில்லை. அவரும் மறந்துபோனார்.

ஜேம்ஸ் அவரை ஒரு தடவை பார்த்தான். பிறகு நட்டைப் பூட்டிவிட்டு வால்வைத் திருகினான். ஒன்று, இரண்டு, மூன்று சுற்று. கைப்பிடியைத் திருப்பினான். ஷவரிலிருந்து ஆவியோடு தண்ணீர் கொட்டியது.

"இன்னாண்ணா கோளாறு?" சமையல் அறையிலிருந்து நாகவல்லி கேட்டாள்.

"ஒண்ணுமில்லம்மா. சல்லடைல உப்பு அடைச்சிகினு இருந்துச்சி. தட்டி வுட்டுட்டேன்."

ஜேம்ஸ் பையைத் திறந்து காட்டப் போனான். செங்கல்வராயன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஜெயராமன் வேலைக்குப் போயிருந்தான். நாகவல்லியும் அவரும் ஜெகதாம்பாளைத் தூக்கி வந்து நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவர் புறங்கையைத் தண்ணீரில் காட்டிக்கொண்டே கைப்பிடியை இப்படியும் அப்படியுமாக நகர்த்தினார். சரியாக வந்ததும் அவள் பக்கம் திருப்பினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூச்சு முட்டவில்லை. நாகவல்லி சீயக்காய் தேய்த்துவிட்டாள்.

"யாரு சரி பண்ணது?" என்று கேட்டாள் ஜெகதாம்பாள்.

"ஜேம்ஸு."

"நல்லா இருக்கட்டும். அவனப் போயி ஏசிகினே இருந்தியே, இன்னா மனுசன்யா நீ."

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. நாகவல்லி கைப்பிடியை நோக்கிக் கையை நீட்டினாள்.

"மூடாத. இன்னும் செத்த நேரம்."

மத்தியானம், நாகவல்லி தோளில் சாய்த்துத் தலைக்குச் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தபோது ஜெகதாம்பாள் போய்விட்டாள். தூங்குகிறாள் என்றே நாகவல்லி கொஞ்ச நேரம் நினைத்திருந்தாள்.

மறுநாள் காலை, எடுப்பதற்கு முன்னால் குளிப்பாட்டப் பெண்கள் குடங்களில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். நேற்றுத் தலைக்கு ஊற்றியதால்தான் போய்விட்டாள் என்று ஒருத்தி ஆரம்பித்தாள். நாகவல்லி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவ கேட்டா. ஊத்துனோம்," என்றார் செங்கல்வராயன்.

குடத்துத் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருந்தது. குடத்தைத் தூக்கிப்போய் பாத்ரூமில் கொட்டிவிட்டு, ஷவருக்குக் கீழே வைத்து வெதுவெதுப்பாகப் பிடித்துக் கொண்டுவந்து வைத்தார். மற்ற குடங்களையும் அப்படியே செய்தார். செத்தவளுக்கு எதற்கு வெந்நீர் என்று யாரும் கேட்கவில்லை.

ஜெயராமன் கொள்ளி வைத்து, எல்லாரும் சுடுகாட்டிலிருந்து திரும்பியபோது கூடவே வந்த ஜேம்ஸ் கேட்டுக்கு வெளியே நின்றுவிட்டான். பாடையின் பின்பக்கம் தோள் கொடுத்தவன் அவன். எதிர்வீட்டு வேம்புலி அவனைப் பார்த்துவிட்டு செங்கல்வராயன் காதருகே வந்து, டூப்ளிகேட் வைத்தவன் இவன்தானே என்று கேட்டான்.

"சாமான்ல ஒண்ணும் இல்ல," என்றார் செங்கல்வராயன், எல்லாருக்கும் கேட்கும்படியாக. "வால்வ மூடி வெச்சவன் நானு."

வேம்புலி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

"ஜேம்ஸு. உள்ள வா. குளிச்சிட்டுப் போ."

"எங்களுக்கு அப்டி ஒண்ணும் இல்ல நைனா."

"தெரியும். வா."

அவர் முன்னால் போனார். கைப்பிடியைத் திருப்பிப் புறங்கையைக் காட்டினார். சூடு அதிகம். கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்த்தினார். அப்போதும் சரியில்லை. மறுபடி நகர்த்தினார். பாத்ரூம் வாசலில் ஜேம்ஸ் துண்டோடு நின்றிருந்தான். அவசரப்படுத்தவில்லை. தண்ணீர் நேற்றைய பதத்துக்கு வந்தது. அவர் கையை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார்.