கால்வாயில் கழுவும் கால்கள்

வஜீதா பாத்திரம் கழுவிய தண்ணீரைக் கால்வாயில் விடமாட்டாள். கொல்லையில் அவளே வெட்டிய பள்ளம் வழியாக அது வாழைக்குப் போகும். துணி துவைத்த தண்ணீருக்குத் தனிக் குழி. சாம்பலும் குப்பையும் எருக்குழிக்கு. கிணறெல்லாம் உப்பாகிப்போன அந்த ஆம்பூர்த் தெருவில், சோறு வடிக்கத் தண்ணீர் கால்வாயிலிருந்துதான் வரவேண்டும். சண்டை போட்டே ஆறு வீடுகளைத் தன் வழிக்குக் கொண்டுவந்திருந்தாள். நன்றி சொன்னவர் யாருமில்லை. "தாசில்தாரம்மா வர்றாங்க" என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தார்கள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொன்றாம் வருஷம், தை மாதத்தில் ஒரு சாயங்காலம், கீழ்த்தெரு எல்லம்மா குடத்தோடு வந்து நின்றாள். தண்ணீர் மோர்போல வெளுத்திருந்தது.

"ஊருக்கெல்லாம் புத்தி சொல்றியே, உன் வூட்டுக்காரர் இன்னா பண்றார்னு பாத்தியா? மதகாண்ட குந்திக்கினு கால் கழுவுறாரு. இத்த வச்சு நான் எப்டி உலை வைக்கிறது?"

வஜீதாவின் புருஷன் ஜான் பாஷா தோல் கிடங்கில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கித் தோல் புரட்டுகிறவன். அவன் வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்.

"ஆமா," என்றான் அவன். "நீ ஒரு செம்பு தண்ணி வைப்பே. முழங்கால் வரைக்கும் சுண்ணாம்பு. ஓடுற தண்ணியில வச்சாத்தான் எரிச்சல் அடங்குது."

காலைத் தூக்கிக் காட்டினான். குதிகால் வெடித்து ரத்தம் கசிந்தது. தெருவுக்கெல்லாம் குழி வெட்டச் சொன்னவள் இதைப் பார்க்கவில்லையே என்று அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

மறுநாளிலிருந்து உப்புக் கிணற்றில் எட்டுக் குடம் இறைத்து, கொல்லையில் துணி துவைக்கும் குழியோரத்துக் கல்லருகே வைத்தாள். மூன்று நாள் வந்து உட்கார்ந்தான். நான்காம் நாள் இருட்டும் நேரமாகியும் ஆளைக் காணோம். மதகுக்கு ஓடினாள். கிடங்கு ஆட்கள் பத்துப் பேரோடு அவனும் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னாங்க இது?"

"எல்லாரும் இங்க இருக்காங்க. நான் மட்டும் எழுந்து வந்தா சிரிப்பாங்க."

"சிரிக்கட்டும்! ரெண்டு வருஷமா என்னைப் பாத்து சிரிக்கல?"

"எங்களுக்கும் எட்டுக் குடம் எறைப்பியாம்மா?" என்றான் ஒருவன்.

"உங்க வூட்ல கெணறு இல்லியா?" என்றாள். ஜான் பாஷா மட்டும் முனகிக்கொண்டே எழுந்தான்.

மறுநாள் சாயங்காலம், அவனுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுக் கீழ்த்தெருப் படித்துறைக்குப் போனாள். எல்லம்மா குடத்தை இறக்காமல் நின்றிருந்தாள்.

"இன்னிக்கு ஒருத்தர் கம்மி," என்றாள் வஜீதா.

"தண்ணிக்குத் தெரியலியே."

இறைத்து இறைத்துத் தோள் வலித்தது. அந்தப் பத்துப் பேர் வீட்டுப் பெண்களிடமும் நாளைக்குப் போய்க் கத்தவேண்டுமே என்று நினைக்கையில் வஜீதாவுக்கு அழுகை முட்டியது.