ரத்தம் இடம் மாறிய இதழ்

என் பேனாவால் நான் கொன்றவர்களை ஒன்றாகக் குடியேற்றினால் ஒரு சின்ன ஊருக்கு வரும். நிஜத்தில் ஒரு கோழியைக்கூட அறுத்ததில்லை. வீட்டில் கல்பனா அறுக்கும்போது நான் பக்கத்துத் தெருவில் போய் நின்றுகொள்வேன்.

சித்தூரில் சினிமா பேனர் கடையில் தொழில் கற்று, ‘மடார்’ என்ற காமிக்ஸைச் சொந்தமாகப் போட ஆரம்பித்தவன் நான். ஆசிரியர், ஓவியர், ஏஜெண்டு, விற்காமல் திரும்பிய கட்டுகளைச் சுமக்கும் கூலி, எல்லாம் நானே. எழுத்துகள் மட்டும் என் மனைவி கல்பனா. நகரியில் தறிக்காரர் வீட்டுப் பெண். புடவைக் கரைக்குக் கட்டம் போட்டுப் பழகிய கை. நான் வசன பலூன்களைக் காலியாக விடுவேன். அவள் தமிழிலும் தெலுங்கிலும் தனித்தனியாக நிரப்புவாள். சத்தங்களும் அவள் இலாகாதான். முகத்தில் குத்தினால் ‘டமால்’, எலும்பு முறிந்தால் ‘மடார்’. அரைப்பக்கத்துக்குப் பெரிதாகப் போடச் சொல்வேன். அவ்வளவு இடம் நான் வரைய வேண்டாமே.

வாசகர்கள் பெரும்பாலும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறவர்கள். பாகாலா ஜங்ஷனிலும் சித்தூர் பஸ் ஸ்டாண்டிலும் வாங்குவார்கள். பலமனேர் வருவதற்குள் படித்து முடித்து, அதையே விரித்து அதன்மேல் எலுமிச்சைச் சாதம் தின்பார்கள். இலக்கியத்தால் வயிறு நிறையாது என்று யார் சொன்னது?

எங்கள் கருங்கல்லை வெளிநாட்டுக்காரன் வாங்க ஆரம்பித்த வருஷங்கள் அவை. நேற்றுவரை ஆடு மேய்ந்த குன்றுகள் கப்பலேறின. என் கதாநாயகனும் குவாரித் தொழிலாளிதான், ஆயுதம் சுத்தியல். வில்லன் குவாரி முதலாளி. கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்து வரைந்து, மீசையும் தங்கச் சங்கிலியும் சேர்த்தேன். பக்கத்தில் ஒரு வெள்ளைக் கார். அன்றைக்கு ஜில்லாவில் மீசையும் சங்கிலியும் வெள்ளைக் காரும் வரைந்தால் யாராவது ஒருவர் மாட்டத்தான் செய்வார். மாட்டியவர் ஆதிநாராயணன், பலமனேர் ரோட்டில் பெரிய குவாரிக்குச் சொந்தக்காரர்.

அந்த இதழின் கடைசிப் பக்கத்தில் முதலாளி காரோரம் இடதுபக்கம் நிற்கிறான். வலதுபக்கம் நாயகன், கழுத்திலும் தோளிலும் வெட்டுப்பட்டு, ரத்தம் கொட்ட நிற்கிறான். அப்படித்தான் வரைந்தேன். கறுப்புக் கோடுகள் ஒரு தாளில். ரத்தம் மட்டும் தனியாக ஒரு டிரேசிங் தாளில். திருப்பதியில் ஒரு அச்சகம் எங்களுக்கு அடித்துத் தந்தது. சாமி காலண்டர் ஓட்டி மிஞ்சிய சிவப்பு மையில், அங்கே மெஷின் ஓட்டும் நாகையா ஞாயிற்றுக்கிழமைகளில் அடித்துத் தருவார். ஒரு கண்ணில் புரை. அந்த வாரம் ரத்தத் தாளைத் திருப்பிப் போட்டுவிட்டார். இரண்டு தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவதற்கான மூலைக் குறிகள் எந்தப் பக்கம் வைத்தாலும் பொருந்தும் என்பதால் அவருக்கும் தெரியவில்லை. ரத்தம் அப்படியே இடதுபக்கம் போய் முதலாளி கழுத்தில் கொட்டியது. நாயகன் குளித்துவிட்டு வந்தவன்போல் சுத்தமாக நின்றான்.

வாழ்க்கையில் முதல்முறையாக ‘மடார்’ ஒரு கட்டுகூடத் திரும்பி வரவில்லை. முதலாளி ரத்தம் சிந்துவதைப் பார்க்க அத்தனை பேர் காத்திருந்தார்கள்.

அடுத்த வாரம் நிஜ ஆதிநாராயணனை வெட்டினார்கள். பலமனேர் ரோட்டில், வெள்ளைக் காருக்குப் பக்கத்தில், கழுத்திலும் தோளிலும். உயிர் தப்பி ஆஸ்பத்திரியில் கிடந்தார். வெட்டியது எதிராளி குவாரிக்காரனின் ஆட்கள் என்று டீக்கடைக்கெல்லாம் தெரியும்.

மறுநாள் மத்தியானம் அவருடைய மேனேஜர் வேதாச்சலம், வெள்ளைச் சட்டையில், கையில் ‘மடார்’ இதழோடு என் வீட்டுக்குள் வந்தார். பின்னால் சின்னசாமி, கதவை அடைக்கும் உடம்பு.

“எவுரு செப்பினாரு? சொல்றா, வெட்டப் போறாங்கன்னு முன்னாடியே எவன் சொன்னான் உனுக்கு?” என்றார் வேதாச்சலம்.

“இவருக்கு எவன்யா வந்து சொல்லுவான்?” என்றாள் கல்பனா. “தெருவுல தண்ணி வர்ற நேரமே இவருக்குத் தெரியாது.”

வேதாச்சலம் என்னை அறைந்தார். வாயில் உப்புக் கரித்தது. என் கதைகளில் அடிபட்டவன் உடனே ஒரு வசனம் பேசுவான். எனக்கு மூக்கிலிருந்து வழிந்ததைத் தவிர வேறு எதுவும் வரவில்லை. சின்னசாமி என்னைச் சுவரோடு தூக்கிப் பிடித்துக்கொண்டு, காதோரம் கேட்டான்: “போன புக்குல அந்த ரயில் சண்ட சூப்பருணா. அவன் சாவலதானே?”

“சாகல,” என்றேன். அப்போதும் கதையைச் சொல்லிவிட்டேனே என்று வருத்தமாகத்தான் இருந்தது.

மூல ஓவியத்தை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டவைத்து, அதன்மேல் ரத்தத் தாளை வைத்தேன். ரத்தம் நாயகன்மேல். தாளைத் திருப்பினேன். ரத்தம் முதலாளிமேல். “அவ்வளவுதாங்க. பிரஸ்ல திரும்பிப் போச்சு.”

வேதாச்சலத்துக்குப் புரிந்துவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று.

“திருப்பினது யாரு?”

நாகையாவின் தம்பி எதிராளி குவாரியில் லாரி ஓட்டுகிறான். பெயர் வாயை விட்டு வந்தால், தம்பி சொல்லித்தான் அண்ணன் திருப்பினான் என்று முடிச்சுப் போட்டுவிடுவார்கள். சாயங்காலத்துக்குள் திருப்பதியில் ஒரு பிணம். ஒற்றைக் கண்ணை இடுக்கிக்கொண்டு தாளைச் சரிபார்க்கும் அந்த மனுஷன் முகம் கண்முன்னால் நின்றது.

“நான்தான்.”

“நீயா?”

“தமாஷுக்கு. மொதலாளி மேல ரத்தம் ஊத்துனா புக்கு ஓடும்னு.”

“ஓடிச்சா?”

“நல்லா ஓடிச்சுங்க.”

வேதாச்சலம் சின்னசாமியைப் பார்த்துத் தலையசைத்தார். கையைத்தான் ஒடிப்பார்கள் என்று தெரிந்து, நான் வரையாத இடது கையை முந்திக்கொண்டு நீட்டினேன்.

“ரைட்டு கைணா,” என்றான் சின்னசாமி, ஏறக்குறைய மன்னிப்புக் கேட்கும் குரலில். “மை ஒட்டிகினு கீது பாரு.”

மேஜைமேல் ஒரு குவாரிச் சுத்தியல் இருந்தது. நாயகனின் ஆயுதத்துக்கு மாதிரியாக நானே வாங்கி வைத்தது. அவன் வேறு எதையும் தேடவில்லை. துண்டை மடித்துக் கைக்கு அடியில் வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அடித்தான்.

மடார் என்று கேட்கவில்லை. முருங்கைக்காயை ஒடித்ததுபோல் ஒரு சின்ன ‘மளுக்’. அவ்வளவுதான். இரண்டாவது அடிக்கும் அதே சத்தம். மூன்றாவது அடியில் நான் கத்தியதால் சத்தம் கேட்கவில்லை. விரல்கள் எனக்குச் சம்பந்தமில்லாத திசைகளில் கிடந்தன. எலும்பு ஒன்று வெளியே வந்து வெள்ளையாக எட்டிப் பார்த்தது. கல்பனா கறுப்பு மைப் புட்டியை வேதாச்சலத்தின் நெற்றியில் வீசினாள். புட்டி உடைந்து, வெள்ளைச் சட்டையில் மையும் ரத்தமுமாக இறங்கியது. எங்கள் தொழிலில் அவ்வளவு துல்லியமான இரண்டு கலர் அச்சை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அவர் அவளைச் சுவரில் மோதித் தள்ளினார். சின்னசாமி இடையில் புகுந்து அவரை வெளியே இழுத்துப் போனான்.

“போதும் சார். வாங்க சார்.”

புத்தூர்க் கட்டு எலும்பைச் சேர்த்தது. அசைக்கக்கூடாது என்றபோது நான் கையை அசைத்ததால் இரண்டு விரல்கள் மட்டும் கோணிக்கொண்டன. நாகையா சாத்துக்குடியோடு வந்து அழுதார். “உன் தம்பிய லாரிய உட்டுட்டு வேற ஊரு பாக்கச் சொல்லு” என்று மட்டும் சொன்னேன்.

கட்டு பிரித்தபிறகு வரைந்த முதல் இதழில், நாயகன் ஒருவன் கையை முறிக்கிறான். கல்பனா பேனாவைத் தோய்த்துக்கொண்டு கேட்டாள்: “மடார் எம்மாம் பெருசு போடட்டும்?”

“மளுக்னு போடு. சின்னதா, ஓரத்துல.”

“யாருக்குக் கேக்கும்?”

“கை போனவனுக்குக் கேட்டாப் போதும்.”

அந்தக் கட்டத்தில் மிச்ச இடம் முழுக்க நானே வரைய வேண்டியிருந்தது. அடிபட்டவன் முகத்தை வரைந்தேன்.

கல் வியாபாரம் படுத்து, குவாரிகளில் தண்ணீர் தேங்கிய பிறகு ஒருநாள். பாகாலா ஜங்ஷனில் பெங்களூர் வண்டி நிற்க, இதழ் விற்றுக்கொண்டிருந்தேன். ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. செக்யூரிட்டி யூனிபாரத்தில் சின்னசாமி, தலை நரைத்திருந்தது. கையை இழுத்துக்கொண்டேன்.

“பயப்படாதண்ணா. புக்கு குடு.”

கொடுத்தேன். புரட்டினான். அன்றிலிருந்து எந்த இதழிலும் எலும்பு முறிந்தால் ஓரத்தில் சின்னதாக ‘மளுக்’தான். அப்படி ஒரு பக்கத்தில் நிறுத்தி, அதன்மேல் விரலை வைத்தான்.

“கரெக்டா போட்டுக்கீறணா. எனுக்கும் அவ்ளோதான் கேட்டுச்சு.” விரலை எடுக்காமலே, “இன்னும் கேக்குது” என்றான்.

வண்டி ஊதியது. புத்தகத்தை வெளியே நீட்டி, “கையெழுத்து போடுணா” என்றான்.

கோணல் விரல்களில் பேனாவைச் செருகிக்கொண்டு எழுத ஆரம்பித்தேன். பெயரை முடிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டதால், கடைசி எழுத்தை ஓடிக்கொண்டே போட்டேன்.