பொத்தான் டப்பாவுக்கு அடியில்

மகனை அடக்கம் செய்த மூன்றாம் நாளே தையல்காரம்மா இயந்திரத்தின் முன் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. கால் மிதித்தது, கை துணியைத் தள்ளியது, அவ்வளவுதான். வேலை பார்த்த ஊரில் பேருந்தைப் பிடிக்க ஓடிய இருபத்தாறு வயதுப் பிள்ளை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தவன் எழுந்திருக்கவே இல்லை.

மருத்துவர் இரு கை விரல்களையும் கோத்து உள்ளே தள்ளிக் காட்டியிருந்தார். இதயத் தசைக்குள் புரதங்கள் நூல் நூலாக இருக்கின்றனவாம். ஒன்றுக்குள் ஒன்று இப்படி வழுக்கி நெருங்கும்போதுதான் இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளுகிறதாம். அவற்றில் ஒன்று பிறவியிலேயே பிசகாக அமைந்தால் சுவர் தடித்துப்போகும், துடிப்பு திடீரென்று தாறுமாறாகும்.

"குடும்பத்துல தொடரக்கூடியதும்மா. நீங்க எல்லாருமே பார்த்துக்கணும். முதல்ல பொண்ணைக் கூட்டிட்டு வாங்க" என்று ஸ்கேனுக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். நூல் சமாசாரம் என்பதால் அவளுக்குச் சட்டென்று புரிந்தது.

புருஷன்தான் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "மாடிப்படியில கால் தவறி விழுந்தான்னு சொல்லு. இதய நோய்க் குடும்பம்னு தெரிஞ்சா பொண்ணை எவன் கட்டுவான்?" சீட்டு பொத்தான் டப்பாவுக்கு அடியில் போனது. நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற நோய்க்கு மட்டும் இன்னும் ஸ்கேன் கண்டுபிடிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து, மகளுக்குப் பேசி முடித்த மாப்பிள்ளையின் அம்மா கல்யாணத் துணியோடு வந்து உட்கார்ந்திருந்தாள். அளவெடுக்க மகள் மாடியேறி வந்தாள். தையல்காரம்மா அவள் மார்பைச் சுற்றி நாடாவைப் பிடித்தாள். நாடா விரலுக்கடியில் அதிர்ந்தது.

"என்னடி இப்படி அடிச்சுக்குது?"

"படி ஏறினேன்லம்மா. அண்ணனுக்கும் இப்படித்தான் படபடங்கும்."

தையல்காரம்மா நாடாவைச் சுருட்டி வைத்தாள். டப்பாவை நகர்த்திச் சீட்டை எடுத்தாள். துணியின் நீள அகலம் சொல்லும் அதே குரலில், "என் மகன் படியில விழலை சம்பந்தி. இதயத்துல கோளாறு. இவளுக்கும் இருக்கலாம்" என்றாள். புருஷன் வாசலில் நின்றபடியே வெளிறிப்போனார்.

"வீட்ல கலந்துட்டுச் சொல்றோம்" என்று அந்த அம்மாள் துணியை எடுத்துக்கொண்டு போனாள். அப்புறம் ஒரு போன்கூட இல்லை.

மறுநாள் ஸ்கேனில் மகளின் இதயச் சுவர் தடித்திருப்பது தெரிந்தது. "நல்ல வேளை, இப்பவாவது வந்தீங்க. மாத்திரை இருக்கு. ஓட்டம் கீட்டம் வேண்டாம், கவனமா இருந்தா நல்லா வாழலாம்" என்றார் மருத்துவர். அடுத்து அப்பாவும் அம்மாவும் ஸ்கேனுக்கு உள்ளே வரவேண்டும் என்றார்.

நடைக்கூடத்து நாற்காலியில் புருஷன் தலையைத் தொங்கப்போட்டிருந்தார். "நல்ல இடம் கைவிட்டுப் போச்சே."

தையல்காரம்மா அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. "போகட்டுங்க. ஊருக்கு மறைச்சோம், இவ நெஞ்சுக்கு மறைக்க முடிஞ்சுதா? இது உடம்புல வர்ற நோய், மானக்கேடு இல்ல. அன்னிக்கே வெளிய சொல்லியிருந்தா மூணு மாசம் இவளைச் சாவுக்குப் பக்கத்துல நிக்க வெச்சிருக்க மாட்டோம். எழுந்திருங்க, நம்ம முறை வந்தாச்சு."