அளவு ரோடு

காருக்கு வீல் மாற்ற வேண்டுமென்றால் ரோட்டைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். கடைக்காரர் ரஹ்மத்துல்லா போனிலேயே சொல்லிவிட்டார். ஜாக்கெட் தைக்க அளவு ஜாக்கெட் கொடுப்பதுபோலத்தான்.

தெய்வானையிடம் இருந்தது தரையோடு ஒட்டினாற்போல் ஓடும் சிவப்பு நிற வேகக் கார். எட்டு மாதத்தில் மூன்று வீல்கள் வளைந்துவிட்டன. அவள் பொள்ளாச்சியில் பிசியோதெரபிஸ்ட். எதை எவ்வளவு மடக்கலாம் என்பது அவளுக்குத் தெரியும். சனிக்கிழமை காலை, வீட்டு வாசலில் தொடங்கி மில் முக்கு வரைக்கும் ரோட்டைச் சுருட்டினாள். தெருக்காரர்கள் ஒவ்வொருவராகக் காலைத் தூக்கி வழிவிட்டார்கள். சுருள் பின்சீட்டில் அடங்கியது.

விரிப்பதற்குக் கடை நீளம் போதவில்லை. ரஹ்மத்துல்லா பின்சுவரைப் பார்த்து, “கொஞ்சம் தள்ளு” என்றார். சுவர் ஒரு கிலோமீட்டர் தள்ளிப்போய் நின்றது.

பாதி விரித்தபோது சுருளுக்குள்ளிருந்து எதிர்வீட்டுக் காளியப்பன் எழுந்து சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“ஏனுங்கண்ணா, நீங்க காலைத் தூக்கலையா?”

“வாக்கிங் போயிட்டிருந்தேன் அம்மிணி. ரெண்டையும் ஒண்ணாத் தூக்கினா எப்படி நடக்கறது?”

அந்தக் கார் இந்த ரோட்டுக்கு ஆகாது என்று எட்டு மாதமாகத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்தான். இப்போது கேட்க ஆளில்லை. ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

ரஹ்மத்துல்லா மண்டியிட்டு ஒவ்வொரு பள்ளத்திலும் கையை விட்டுப் பார்த்தார். ஒன்றில் கை தோள்வரை போயிற்று. ஈரமாக வெளியே வந்தது.

“இதுக்குள்ள மழை பெய்யுது மேடம்.”

“ரோட்டைத் திருப்பிப் போட்டுக்கலாமுங்களா?”

“பள்ளமெல்லாம் அந்தப் பக்கம் மேடு. உங்க வண்டி வயிறு தட்டும்.”

பிறகு வீல்களைக் காட்டினார். முதலாவது பதினெட்டு அங்குலம், தங்க நிறம், மெல்லிய கம்பிகள். காளியப்பன் எழுந்துவந்து அதில் முகம் பார்த்துத் தலை வாரிக்கொண்டார்.

“இதைப் போடு அம்மிணி.”

தெய்வானைக்கும் அதன்மேல் ஆசை வந்தது. ஆனாலும் முழங்காலை அழுத்திப் பார்ப்பதுபோல் டயரின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். “வெறும் எலும்பு. சதையே இல்லீங்க” என்றாள். அடுத்தது பதினாறு அங்குலம், சாம்பல் நிறம், ஓரம் உயர்ந்த டயர். அழுத்தியபோது உள்ளே போய், நிதானமாகத் திரும்பி வந்தது.

“இதுதானுங்க.”

அப்போது சாலை அலுவலகத்திலிருந்து ஒருவர் கோப்போடு வந்தார்.

“இந்த ரோடு அதோட இடத்துல இல்ல.”

“இங்க இருக்குதுங்க.”

“பன்னெண்டு மணிக்குள்ள அங்க இருக்கணும். இல்லேன்னா அங்க எப்பவுமே ரோடு இருந்ததில்லன்னு எழுதிடுவோம்.”

“அங்க வீடெல்லாம் இருக்குதுங்களே?”

“ரோடு இருந்ததில்லன்னா வீடு எப்படிம்மா இருந்திருக்கும்?”

சொல்லிவிட்டு அவர் நடந்தே கிளம்பினார். மணி பதினொன்று முப்பத்தைந்து. காளியப்பனின் மனைவி ருக்மணி வீட்டில் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள்.

“மாட்ட எவ்வளவு நேரமுங்க ஆகும்?” என்று தெய்வானை கேட்டாள்.

“பதினெட்டு உடனே மாட்டிக்கும். அதுக்கு அவசரம். பதினாறுக்குப் பத்து நிமிஷம் வேணும்.”

“தங்கத்தையே போட்டுடு அம்மிணி” என்றார் காளியப்பன். “என்ற சம்சாரம் அங்க இருக்கறா.”

“அது வளைஞ்சு பாதியில நின்னுதுன்னா மீதி ரோடு விரியாதுங்கண்ணா. உங்க வீடு மீதியிலதான் இருக்குது.”

தெய்வானை ரோட்டை மறுபடி சுருட்டினாள். பத்து நிமிஷமும் அவர் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மில் முக்கில் சுருளை இறக்கி பம்பருக்கு முன்னால் வைத்தாள். காரால் தள்ளத் தள்ள ரோடு விரிந்தது. பள்ளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. டயர் அமுங்கியது, எழுந்தது. மழை பெய்யும் பள்ளம் வந்தபோது வைப்பரைப் போட்டாள். பக்கத்து சீட்டில் காளியப்பன் கண்ணை மூடிக்கொண்டார். ரோட்டின் இருபுறமும் வீடுகள் தத்தம் இடத்தில் வந்து நின்றன.

அலுவலகத்துக்காரர் தெருக்கோடியில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு மூடினார்.

ருக்மணி கரண்டியோடு வாசலுக்கு வந்தாள்.

தெய்வானையின் வீடும் வந்துவிட்டது. ஆனால் பம்பருக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்குச் சுருள் மிச்சமிருந்தது. அவள் பிரேக்கை மிதிக்கவில்லை. வீட்டுக்கு அந்தப்புறம் இதுவரை எதுவும் இருந்ததில்லை. ரோடு அங்கேயும் விரிய ஆரம்பித்தது.

“அம்மிணி, வீடு வந்திருச்சு.”

“ரோடு முடியலீங்கண்ணா. எறங்கிக்கறீங்களா?”

காளியப்பன் சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டினார்.

“ருக்மணி, நீ சாப்பிட்டுரு” என்றார்.