பாவாதமலை மீட்டர்

ஹட்டன் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த பக்கீருக்கு அந்த வருஷம் ஒரே ஆசைதான். விடியுமுன் வீட்டில் வெந்நீர் இருக்கவேண்டும். மனைவி றுக்கையாவுக்குக் குளிரில் விரல் மூட்டெல்லாம் வீங்கிவிடுகிறது. விடிகாலை ஸுபுஹு தொழுகைக்குக் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்யத் தண்ணீரைத் தொட்டால் பாதி நாள் கையை மடக்க முடியாது. தண்ணீருக்குப் பதில் மண்ணைத் தொட்டுத் தயம்மும் செய்யலாம் என்று பள்ளிவாசல் லெப்பை சொல்லிப் பார்த்தார். குழாயில் தண்ணீர் கொட்டுகிற வீட்டில் அதற்கு அவள் மனம் ஒப்பவில்லை. ஈர விறகோ புகையுமே தவிர எரியாது.

வெந்நீர் போடத் தனி மீட்டர் இருக்கிறது, ரேட்டும் குறைவு என்று கரண்டு ஆபீஸில் சொன்னார்கள். சொன்னதோடு விட்டார்களா? வீட்டுக்காரர் சம்மதக் கடிதம், வயரிங் சர்டிபிகேட், பழைய மீட்டரின் ரசீது, போதாக்குறைக்கு முழுக்க இங்கிலீஷில் ஒரு ஃபாரம். வீட்டுக்காரர் அழகையா பிள்ளை சுவரில் ஆணி அடிக்கவே விடாதவர். ஊருக்குக் கப்பலேறுகிற அவசரத்தில்தான் கையெழுத்துப் போட்டார்.

எல்லாம் கொடுத்தபின் ஆபீஸில் ஒரு துண்டுச் சீட்டுத் தந்தார்கள். அதைப் பக்கத்து அரிசிக்கடை தங்கவேலுவிடம் காட்டினார் பக்கீர். தந்தி வந்தால் கடைத்தெருவே தங்கவேலுவிடம்தான் படிக்கக் கொடுக்கும்.

“ஆஃப் பீக் மீட்டர்னு போட்டிருக்கு பாய்.”

“அப்படின்னா?”

“ஆஃப்னா இல்லாதது. பீக்குன்னா…” தங்கவேலு மலையடிவாரத்து நல்லதண்ணிப் பக்கம் கையைக் காட்டினார். “தொரமாரு எதைப் பீக்குங்கிறாங்க? நம்ம சிவனொளிபாத மலையைத்தானே. உங்களுக்குப் பாவாதமலை. சீசன் இல்லாத மாசத்துக்கு மட்டும் குடுக்கிற மீட்டரு.”

பக்கீர் மாசங்களை எண்ணிப் பார்த்தார். மார்கழி தொடங்கி வைகாசி வரை மலைக்குக் கூட்டம் போகும். குளிர் உயிரை வாங்குவதும் அப்போதுதானே. மலை ஏறுகிறவர்களுக்கும் நம் வீட்டு வெந்நீருக்கும் என்ன சம்பந்தம்? யாத்திரைக்காரர்களுக்கு விளக்குப் போடக் கரண்டு வேண்டியிருக்கும் என்று தங்கவேலுவே காரணமும் கண்டுபிடித்தார். அது நியாயமாகவும் பட்டது, அதுதான் கோளாறு.

மறுநாள் ஆபீஸில் போய் நின்றார் பக்கீர். கிளார்க் சிங்களவர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

“ஐயா, எனக்கு ஆஃப் பீக் வேணாம். பீக்லதான் வேணும்.”

“பீக்லயா? அதுக்கு இப்ப இருக்கிற மீட்டரே போதுமே மொதலாளி.”

“அதுல ரேட்டு கூடுதலுங்களே.”

“பீக்ல கூடுதலாத்தான் இருக்கும்.”

மலைக்குப் போகிறவர்கள் பெயரைச் சொல்லி இப்படியுமா பிடுங்குவார்கள் என்று பக்கீருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளார்க் பொறுமையாகத்தான் கேட்டார்.

“எதுக்கு வேணும்? எந்நேரம் வேணும்? அதைச் சொல்லுங்க.”

“வீட்டுக்குத்தான்” என்றார் பக்கீர். அதற்குமேல் வாய் திறக்கவில்லை.

கிளார்க் விண்ணப்பத்தின் குறுக்கே கோடு போட்டு, வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

சாயங்காலம் வயரிங் வேலைக்கார அழகுமுத்து வெந்நீர்த் தொட்டிக்கு அளவெடுக்க வந்தான். நடந்ததைக் கேட்டதும் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

“மலையும் இல்ல, சீசனும் இல்ல பாய். பொழுது சாஞ்சு ஊரே லைட்டுப் போடுற நேரந்தான் பீக்கு. ஊரு தூங்குறப்ப ஓடுறது இந்த மீட்டரு. விடியறதுக்குள்ள தண்ணி சுட்டிருக்கும், வருஷம் பூரா.”

“நாளைக்கே திரும்ப எழுதிக் குடுக்கிறேன்.”

“எல்லாம் மொதல்லருந்து குடுக்கணும். வீட்டுக்காரரு கடுதாசியும் புதுசா வேணும். அவரு சித்திரைக்குத்தானே வாராரு.”

அழகுமுத்து போனபிறகு, கதவுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்த றுக்கையா வெளியே வந்தாள்.

“எதுக்குன்னு ஆபீஸ்ல கேக்கலையா?”

“கேட்டாங்க.”

“ஸுபுஹுக்கு முன்னாடி நான் ஒளுச் செய்யன்னு சொன்னீங்களா?”

“வீட்டுப் பொம்பளைப் பேச்சை ஆபீஸ்ல போய் எப்படிப் பேசுறது?”

றுக்கையா அவரையே பார்த்தாள்.

“விடியறதுக்கு முன்னாடி ஸுபுஹுக்குன்னு மட்டும் சொல்லியிருந்தா, அந்த ஐயாவே இதுதான் உங்களுக்குன்னு சொல்லியிருப்பாரு.”

அவளுக்குக் கோபம் வரவில்லை, அழுகைதான் வந்தது. விரல்கள் முந்தானையைப் பிடிக்க மடங்கவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.