கட்டிலடியில் சிப்பி

நக்கிக்கொண்டிருக்கிறது சிப்பி, கட்டிலுக்கு வெளியே தொங்கும் சந்தியாகுவின் இடதுகையை, விரல் விரலாக, இடுக்கைக்கூட விடாமல், கதவோரம் நின்று பார்க்கிறாள் அவர் பெண்டாட்டி பிரகாசி, என்னத்தைத் தடவிக் கொடுக்கிறார் இந்த மனுசன் என் நாய்க்கு, வாதம் வந்து வலதுபக்கம் விழுந்தது, புத்தி விழவில்லையே, தட்டை எடுக்கப் போகிற சாக்கில் குனிந்து அந்தக் கையை மோந்து பார்த்தாள், மீன் வாடை, மீன் வாடைக்கு அடியில் வேறு ஏதாவது இருக்குமோ, எலி மருந்து எங்கே வைத்தோம், முன்னால் வளர்த்த நாய் கறுப்பனையும் இந்தக் கைதானே கூட்டிப்போனது, மீன் வாடைக்கு வாலாட்டிக்கொண்டு பின்னாலேயே போனதே அது, காயவைத்த கருவாட்டில் வாய் வைத்துவிட்டது என்பதற்காகச் சாக்கில் போட்டுக் கட்டிக் கடலுக்குக் கொண்டுபோனார், வெறும் சாக்கோடு வந்து, அதை உதறி மடித்து வைத்துவிட்டு, இனி கருவாடு பத்திரமா இருக்கும் என்றார், அன்றைக்கு மூடியதுதான் இவள் வாய், சோறு வைப்பாள், இப்போது குளிப்பாட்டுகிறாள், முதுகு புண்ணாகாமல் புரட்டிப் போடுகிறாள், ஒரு சொல் கிடையாது, பிள்ளை குட்டி இல்லாத வீட்டில் பேச்செல்லாம் நாயோடுதான்.

வனத்து அந்தோணியார் திருநாளில் சிப்பிக்குச் சிவப்பு ரிப்பன் கட்டி ஆடு மாடுகளோடு மந்திரிக்கக் கூட்டிப்போனாள், பங்குக் குரு வியான்னி சாமி தீர்த்தம் தெளித்துவிட்டுப் பிரசங்கம் வைத்தார், இதுகளும் கடவுளோட படைப்புதான், காரணமில்லாம வதைக்கதும் கொல்லுததும் மனுசனுக்கு அழகில்ல, பிரகாசிக்கு நெஞ்சு குளிர்ந்தது, கேட்கவேண்டிய ஆள் கட்டிலில் கிடக்கிறதே என்றிருந்தது, அதோடு நிறுத்தியிருக்கலாம் சாமி, நிறுத்தவில்லை, மிருகத்து மேல பாசம் வைக்கலாம், ஆனா மனுசருக்குக் குடுக்க வேண்டிய அன்ப எடுத்து அதுக்குக் குடுத்துரக்கூடாது என்றார், சுருக்கென்றது, யார் போய்ப் பற்ற வைத்தது, கூட்டம் கலைந்ததும் நேரே போய்க் கேட்டாள், சாமி, என்னப் பத்தி உங்ககிட்ட யாரு வந்து சொன்னா, அவர் சிரித்தார், ஒருத்தரும் சொல்லலம்மா, திருச்சபை போதனையில உள்ளதுதான், வருசா வருசம் இதத்தான் பேசுதேன், அவள் நம்பவில்லை, இத்தனை வருசமாக அவள் காதில் விழாதது இந்த வருசம் மட்டும் ஏன் விழவேண்டும், வேறு யார், இந்த மனுசன்தான், மாதத்து முதல் வெள்ளிதோறும் சாமி கட்டிலுக்கே நன்மை கொண்டுவருவார், நற்கருணை அப்பம், அதற்கு முன்னால் செய்த பாவத்தைச் சாமியிடம் தனியாகச் சொல்லும் பாவசங்கீர்த்தனம், அப்போது இவள் முற்றத்துக்குப் போய்விடவேண்டும், அந்தச் சமயத்தில்தான் ஓதுகிறார், பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைச் சாமி வெளியே சொல்லமாட்டார் என்று தெரியும், தெரிந்தும் சந்தேகம், நாய்க்கு என்ன கொடுக்கிறார் என்பதையும் அங்கேதானே சொல்லியாகவேண்டும், அதனால் இந்த முதல் வெள்ளி, வெள்ளைத்துணி விரித்து மெழுகுதிரி ஏற்றி வைத்துவிட்டு, முற்றத்துக்குப் போகிறவள்போல் போய், அடுக்களைத் திரைக்குப் பின்னால் நின்றுகொண்டாள், பாவம்தான், பெரிய பாவம், நாய் உயிருக்கு முன்னால் அதைப் பார்த்தால் முடியுமா.

சந்தியாகுவின் நாக்கு குழறியது, சாமி, சாப்பாட்டுல பொய் சொல்லுதேன், தட்டுல வைக்க மீன நான் திங்கதில்ல, கைக்குள்ள ஒளிச்சு நாய்க்குக் குடுத்துட்டு, தின்னுட்டேன்னு தட்டக் காட்டுதேன், ஏன்யா அப்படிச் செய்யுதீரு என்றார் சாமி, நாய் இங்ஙன கெடந்தா அவ இங்ஙன வருவா சாமி, அதுகிட்ட பேசுவா, இன்னைக்குக் கடல்ல மீன் பாடு இல்ல, தண்ணி லாரி வரல, அப்படின்னு, நான் கண்ண மூடிக்கிட்டு எங்கிட்டதான் சொல்லுதான்னு நெனச்சுக்கிடுவேன், கறுப்பனக் கொன்னதுக்கு நீங்க பாவமன்னிப்புக் குடுத்துட்டீய, அவகிட்ட கேக்கதுக்குத்தான் வாய் வரல.

பிரகாசி திரைக்குக் கீழே குனிந்து பார்த்தாள், என் காலைப் பார்த்திருப்பார், நான் கேட்கவேண்டும் என்றே சொல்கிறார், இல்லை, நன்மை வாங்கப்போகிற வாயால் பொய் சொல்லமாட்டார், சொல்லவும் கூடியவர்தான், இப்படியே மாறி மாறி ஓடுகிறது மனசு, அழுகை வருகிறது, அழுகையைவிடக் கோபம் வருகிறது, கேட்டதாக யாரிடமும் காட்டிக்கொள்ளவும் முடியாது.

மத்தியானம் ஊளிமீன் குழம்பு, கட்டிலடியில் சிப்பிக்கு ஒரு தகரத்தட்டு, அதில் தனியாக இரண்டு துண்டு, அவர் தட்டை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, வழக்கம்போல் எழுந்து போகாமல் தரையில் உட்கார்ந்தாள், அவர் கை மூடியே இருந்தது, சிப்பி, அந்த மனுசங்கிட்ட சொல்லு, ஒனக்குத் தனியா வச்சாச்சு, அவரு பங்க அவரே திங்கட்டும் என்றாள், கை மெல்லத் திறந்தது, உள்ளே நசுங்கிய மீன், அவர் இவளைப் பார்க்கவில்லை, நாயைத்தான் பார்த்தார், வாய் கோணியது, எச்சில் வழிந்தது, சிப்பி, கறுப்பனுக்கு நான் செஞ்சது தப்புதான்னு அவகிட்ட சொல்லு என்றார், நாய் தகரத்தட்டை நக்கிக்கொண்டிருந்தது, அதுகிட்ட எதுக்குச் சொல்லுதீரு, நான் இங்கதான இருக்கேன், எங்கிட்ட சொல்லும் என்றாள் பிரகாசி.